இரத்தத்தைத் துப்புரவாக்கும் ஏற்பி

இதயத்தைச் சூழ்ந்துள்ள கொரோனரித் தமனிகள் அடைபடுவதால் வரும் நோயைப் பற்றிய மூலக்கூற்று அறிவு, ஐம்பது வயதில் மாரடைப்புக்கு ஆளாகும் பெருந்திரளான மனிதர்களை ஆராய்ந்ததிலிருந்து பிறக்கவில்லை. பத்து வயதைத் தாண்டுவதற்குள் நெஞ்சுவலியால் அவதிப்படும் மிகச் சில குழந்தைகளை ஆராய்ந்ததிலிருந்தே பிறந்தது. நடுவயதில் வரும் மாரடைப்பில் புகைப்பழக்கம், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், உணவு, உடலுழைப்பின்மை, பரம்பரை எனப் பல காரணங்கள் பின்னிப் பிணைந்து கிடப்பதால், அவற்றுள் ஒன்றின் பங்கை மட்டும் தனியே பிரித்துக் காட்டுவது அரிது. குழந்தைகளின் நோயிலோ, வேறு எந்தக் காரணமும் வேலை செய்வதற்கு வயதே ஆகாத நிலையில், ஒரே ஒரு மரபணுவின் பழுது தமனியை எந்த அளவுக்குச் சிதைக்க வல்லது என்பது கலப்பின்றித் தெரிந்தது.

அந்நோய்க்குக் குடும்பவழி மிகைக்கொலஸ்ட்ரால் நோய் என்று பெயர். குதிகாலிலும் விரல் கணுக்களிலும் தசைநாண்களின் மேல் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்றுவது, இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுந்திருப்பது, இளவயதில் இதயநோய் வருவது ஆகிய மூன்றும் ஒரே குடும்பங்களில் சேர்ந்து காணப்படுவதை 1930களின் பிற்பகுதியில் நார்வே நாட்டின் ஓஸ்லோ நகர மருத்துவர் கார்ல் முல்லர் விவரித்தார். 1964இல் பெய்ரூட்டில் அவெடிஸ் கச்சடூரியன் லெபனான் குடும்பங்களை ஆராய்ந்து, இந்நோயில் இரண்டு படிநிலைகள் இருப்பதைத் தெளிவாக்கினார். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரு மரபணுப் பிரதிகளுள் ஒன்று மட்டும் பழுதானவர்களுக்குக் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ இரண்டு மடங்காகவும், இரண்டும் பழுதானவர்களுக்கு நான்கு முதல் ஆறு மடங்கு வரையும் உயர்ந்திருக்கும். முதல் வகையினர் ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவர் என்று இன்று கணிக்கப்படுகிறது; இவர்களுக்கு மருத்துவம் செய்யாவிட்டால் நாற்பது, ஐம்பது வயதுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிக அதிகம். இரண்டாம் வகையினர் சில லட்சம் பேரில் ஒருவர்தான். ஆனால் இவர்களுக்கு மாரடைப்பு குழந்தைப் பருவத்திலேயே வரக்கூடும். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள இடங்களில் ஒரே பழுது இருபுறமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுவதால் இரண்டாம் வகை அதிகமாகத் தென்படும். லெபனானில் கச்சடூரியன் கண்டது இதைத்தான். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவிவரும் தென்னிந்தியாவுக்கும் இது பொருந்தும்.

இதற்குமேல் செல்வதற்கு முன் கொலஸ்ட்ரால் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அது நஞ்சன்று. உடலின் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் சவ்வுக்கு உறுதி தருவதும், பித்த அமிலங்களுக்கும் பாலின ஹார்மோன்களுக்கும் மூலப்பொருளாவதும் கொலஸ்ட்ராலே. செல்கள் இதைத் தாமே தயாரித்துக்கொள்ளவும் வல்லவை; ஏறத்தாழ முப்பது வேதிப்படிகள் கொண்ட அந்தத் தயாரிப்பின் வேகத்தைத் தொடக்கப் படியொன்றில் நின்று கட்டுப்படுத்துவது எச்.எம்.ஜி. கோஏ ரிடக்டேஸ் என்னும் நொதி. கொலஸ்ட்ரால் நீரில் கரையாது என்பதால் இரத்தத்தில் அது தனியே பயணம் செய்ய முடியாது. புரதமும் பாஸ்போலிப்பிடும் போர்த்திய நுண்ணிய உருண்டைகளுக்குள் பொதியப்பட்டே செல்கிறது. அவ்வுருண்டைகளுள் நோயோடு நெருங்கிய தொடர்புடையது குறை அடர்த்திக் கொழுப்புப்புரதம், சுருக்கமாக எல்.டி.எல். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் வரும் நானோமீட்டர் அளவில் இதன் விட்டம் இருபத்திரண்டு அளவே. உட்புறத்தில் ஏறத்தாழ 1,500 கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகளும், மேற்புறத்தைச் சுற்றி அபோ பி-100 என்னும் ஒரே ஒரு நெடும் புரதமும் இருக்கும். ‘கெட்ட கொழுப்பு’ என்று இதற்கு வழங்கிவரும் பெயர் நியாயமானதன்று. உருண்டையின் உள்ளே இருப்பது செல்களுக்குத் தேவைப்படும் அதே கொலஸ்ட்ரால்தான், தேவைக்கு மேல் இரத்தத்தில் தங்கிவிடும்போதே கேடு விளைகிறது.

முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை எண்ணெயில் கலந்து ஊட்டினால் அவற்றின் தமனிச் சுவர்களில் மனிதரிடம் காண்பதை ஒத்த படிவுகள் உண்டாவதை 1913இலேயே புனித பீட்டர்ஸ்பர்கில் நிக்கொலாய் அனிச்கோவ் காட்டியிருந்தார். எனினும் அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் விவாதம் பெரும்பாலும் உணவைச் சுற்றியே நடந்தது. கொலஸ்ட்ரால் இரத்தத்துக்குள் எப்படி வருகிறது என்று கேட்டவர்கள் பலர். அது இரத்தத்திலிருந்து எப்படி வெளியேறுகிறது என்ற கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. தமனி நோய் ஆய்வின் திசையை மாற்றியது இந்த இரண்டாம் கேள்விதான்.

அமெரிக்காவின் டாலஸ் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1972 வாக்கில் ஆய்வைத் தொடங்கியபோது அவர்களிடமும் இக்கேள்வி இருக்கவில்லை. நோயாளிகளின் செல்களில் ரிடக்டேஸ் நொதி பழுதாகி, கட்டுப்பாடின்றிக் கொலஸ்ட்ராலைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது என்பதே அவர்களது முதல் ஊகம். கல்லீரலை நோயாளியிடமிருந்து எடுத்து ஆராய இயலாது என்பதால், தோலில் ஒரு சிறு துண்டு எடுத்து, அதிலுள்ள இணைப்புத் திசுச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தனர். இச்செல்கள் வளர்வதற்கு ஊட்டநீரில் இரத்தத் தெளிநீர் சேர்ப்பது வழக்கம்; அத்தெளிநீரில் எல்.டி.எல். இருக்கும். அதை நீக்கிவிட்டபோது, நலமுள்ளவரின் செல்களில் ரிடக்டேஸ் நொதியின் செயல் பலமடங்கு எழுந்தது. வெளியிலிருந்து வரத்து நின்றதால் செல் தன் தேவைக்குத் தானே தயாரிக்கத் தொடங்கியது. மீண்டும் எல்.டி.எல். சேர்த்ததும் நொதி அடங்கியது. இரு மரபணுப் பிரதிகளும் பழுதான நோயாளியின் செல்களிலோ, எல்.டி.எல். இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொதி உச்சத்திலேயே நின்றது. நலமுள்ளவரின் செல்லைவிட ஐம்பது மடங்கை ஒட்டிய வேகத்தில் அது இயங்கியது.

இதோடு நின்றிருந்தால் அவர்களது ஊகம் சரியென்றே தோன்றியிருக்கும். ஆனால் அவர்கள் மேலும் ஒரு சோதனை செய்தனர். இந்த அத்தியாயத்தின் பொருளுக்கு உயிராக இருப்பது அதுவே. கொலஸ்ட்ராலை எல்.டி.எல். உருண்டையில் வைத்துக் கொடுக்காமல், சிறிதளவு எத்தனாலில் கரைத்து நேரடியாக ஊட்டநீரில் விட்டனர். அவ்வாறு கரைந்த கொலஸ்ட்ரால் செல்சவ்வைத் தானே ஊடுருவி உள்ளே சென்றுவிடும். அப்போது நோயாளியின் செல்களிலும் ரிடக்டேஸ் உடனே அடங்கிவிட்டது. அப்படியானால் நொதியில் பழுதில்லை, அதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டிலும் பழுதில்லை, எல்.டி.எல்.லில் இருக்கும் கொலஸ்ட்ரால் செல்லின் உள்ளே போய்ச் சேரவில்லை என்பதே பழுது. கதிரியக்க அயோடின் பூசிய எல்.டி.எல்.லைச் செல்களின் மீது விட்டுப் பார்த்ததில், நலமுள்ளவரின் செல்களில் அது இறுகப் பற்றிக்கொண்டது, நோயாளியின் செல்களில் ஒட்டவேயில்லை. எல்.டி.எல்.லைப் பற்றி இழுக்கும் புரதம் ஒன்று செல்லின் மேற்பரப்பில் இருந்தாக வேண்டும் என்று 1974இல் அவர்கள் முடிவுக்கு வந்தனர், அதற்கு எல்.டி.எல். ஏற்பி என்று பெயரிட்டனர். தோலில் எடுத்த சிறு துண்டிலிருந்து, இதயத் தமனியில் நடப்பதற்கான விளக்கம் கிடைத்தது இவ்வாறுதான்.

ஏற்பி இருந்தால் மட்டும் போதாது என்பதை மற்றொரு நோயாளியின் செல்கள் காட்டின. அச்செல்களில் எல்.டி.எல். நன்றாகவே பற்றிக்கொண்டது, ஆனால் உள்ளே செல்லவில்லை. செல்சவ்வின் பரப்பில் ஆங்காங்கே, உட்புறம் புரதப் பூச்சு பெற்ற சிறு குழிகள் உண்டு. மொத்தப் பரப்பில் இவை ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்குதான். நலமுள்ள செல்களில் ஏற்பிகள் இக்குழிகளில் வந்து குழுமுவதையும், குழி உள்வாங்கிப் பையாக மூடிக்கொள்ளும்போது எல்.டி.எல்.லும் உடன் உள்ளே போவதையும், அந்த நோயாளியின் செல்களில் ஏற்பிகள் குழிகளில் சேராமல் பரப்பெங்கும் சிதறிக் கிடப்பதையும் ரிச்சர்ட் ஆண்டர்சன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். பின்னாளில் மரபணுவைப் படித்தபோது, 839 அமினோ அமிலங்களாலான ஏற்பியின் உட்புற வாலில், 807ஆம் இடத்தில் டைரோசின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன் இருப்பது தெரிந்தது. எண்ணூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களில் ஒன்று மாறியதன் விளைவு அது. இந்தச் செயல்முறை எல்.டி.எல்.லுக்கு மட்டும் உரியதன்று என்பதும், இரும்பு, வைட்டமின் பி12, பல ஹார்மோன்கள் எனப் பலவற்றைச் செல்கள் இவ்வாறே உள்வாங்குகின்றன என்பதும் அடுத்தடுத்த ஆண்டுகளில் புலப்பட்டன.

உள்ளே சென்ற பையில் அமிலத்தன்மை கூடும்போது ஏற்பி எல்.டி.எல்.லை விட்டுவிடுகிறது. எல்.டி.எல். லைசோசோம் என்னும் செரிமான அறைக்குச் சென்று சிதைந்து கொலஸ்ட்ராலைத் தருகிறது; ஏற்பியோ மேற்பரப்புக்குத் திரும்பி அடுத்த உருண்டையைப் பற்றுகிறது. தறியில் நாடா போவதும் வருவதுமாக ஓடுவதுபோல, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில், அழிவதற்குள் ஓர் ஏற்பி நூற்றுக்கும் மேற்பட்ட முறை இவ்வாறு சென்று வருகிறது. உடலின் இத்தகைய ஏற்பிகளுள் பெரும்பகுதி கல்லீரலில்தான் உள்ளது என்பதற்கு 1984இல் மனிதச் சான்றே கிடைத்தது. இரு பிரதிகளும் பழுதான ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பிட்ஸ்பர்கில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் குழுவினர் இதயத்தையும் கல்லீரலையும் ஒருசேர மாற்றிப் பொருத்தினர். நலமுள்ள ஏற்பிகளோடு வந்த புதிய கல்லீரல், டெசிலிட்டருக்கு 1,000 மில்லிகிராமை ஒட்டியிருந்த அவளது எல்.டி.எல். அளவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அடுத்த ஆண்டு பிரௌனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அகற்றப்படாமல் இரத்தத்தில் நீண்ட நேரம் சுற்றும் எல்.டி.எல். தமனிச் சுவரில் என்ன செய்கிறது? தமனியின் உட்பரப்பில் எண்டோதீலியம் என்னும் ஒற்றைச் செல் விரிப்பு உள்ளது. இரத்தம் சீராக ஓடும் இடங்களில் இச்செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து தமனியைத் தளர்த்தி வைக்கின்றன. தமனி கிளைபிரியும் இடங்களிலும் வளைவுகளிலும் ஓட்டம் குழம்புவதால் விரிப்பின் காவல் தளர்கிறது. அடைப்புகள் பெரும்பாலும் அந்த இடங்களிலேயே தோன்றுவதற்குக் காரணம் இதுவே. அங்கே விரிப்பைக் கடந்து செல்லும் எல்.டி.எல். உருண்டைகளை, அவற்றின் அபோ பி புரதத்தைப் பற்றி, சுவரிலுள்ள புரோட்டியோகிளைக்கன் இழைகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சிக்கிய உருண்டைகள் ஆக்சிஜனேற்றம் முதலிய மாற்றங்களுக்கு உள்ளாக, அவற்றை விழுங்க இரத்தத்திலிருந்து மோனோசைட் செல்கள் நுழைந்து மேக்ரோபேஜ்களாக மாறுகின்றன. சாதாரணச் செல்லில் கொலஸ்ட்ரால் நிறைந்ததும் எல்.டி.எல். ஏற்பிகளின் உற்பத்தி குறைந்துவிடும். மேக்ரோபேஜ்களோ உருமாறிய எல்.டி.எல்.லை விழுங்கப் பயன்படுத்துவது வேறு வகை ஏற்பிகளை என்பதால், அவற்றுக்குப் போதும் என்ற அளவே இல்லை. நுண்ணோக்கியில் பார்க்கும்போது கொழுப்புத் துளிகள் நிறைந்து நுரைபோலத் தெரியும் அச்செல்களே நுரைச் செல்கள். அவை இறந்து கொட்டும் கொழுப்பு நடுவில் கூழாகச் சேர, அதன்மேல் தசைச் செல்கள் கொலாஜன் மூடியொன்றை நெய்கின்றன. மாரடைப்பு பெரும்பாலும், படிவு வளர்ந்து தமனியைச் சிறிது சிறிதாக அடைப்பதால் வருவதன்று. மேக்ரோபேஜ்கள் சுரக்கும் நொதிகளால் அரிக்கப்பட்ட மூடி கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் இரத்தத்தைத் தொட்டு, நிமிடங்களில் இரத்தம் உறைந்துவிடுவதால் வருவது.

இதில் அழற்சியின் பங்கு தனியே உண்டா என்ற கேள்வி நீண்டகாலம் நிலுவையில் இருந்தது. படிவுகளில் உருவாகும் கொலஸ்ட்ரால் படிகங்கள் மேக்ரோபேஜ்களின் உள்ளேயிருக்கும் அழற்சி எந்திரத்தைத் தூண்டி, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் சைகைப் புரதத்தை வெளிவிடச் செய்கின்றன என்று 2010இல் காட்டப்பட்டது. அப்புரதத்தை மட்டும் முடக்கும் கனக்கினுமாப் என்ற எதிர்ப்புரத மருந்தை, ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் சோதித்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியானபோது, எல்.டி.எல். சிறிதும் குறையாமலேயே மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்திருந்தன. தொற்றுகளால் நேரும் மரணம் சற்றே கூடியதால் அம்மருந்து இப்பயனுக்கு நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் கேள்வி தீர்ந்தது.

ஏற்பியின் கண்டுபிடிப்பு மருத்துவத்துக்குப் பயன்பட்டது வேறொரு நாட்டில் வேறொருவர் செய்த உழைப்போடு இணைந்தபோதுதான். டோக்கியோவில் சாங்க்யோ நிறுவனத்தில் பணியாற்றிய அகிரா எண்டோ, தமக்குப் போட்டியான நுண்ணுயிர்களை அழிப்பதற்காகச் சில பூஞ்சைகள் ரிடக்டேஸ் நொதியைத் தடுக்கும் பொருளைச் சுரக்கக்கூடும் என்று கருதி, 1971இல் தொடங்கி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை மாதிரிகளைச் சோதித்தார். கியோட்டோ நகரத் தானியக் கடையொன்றின் அரிசியில் கிடைத்த நீலப்பச்சைப் பூஞ்சணம் 1973இல் காம்பாக்டின் என்ற பொருளைத் தந்தது. எலிகளிடம் அது பயன் தராததால் ஆய்வு கைவிடப்படும் நிலைக்கு வந்தது. முட்டையில் கொலஸ்ட்ரால் மிகுதி என்பதால் முட்டையிடும் கோழிகளின் இரத்தத்தில் அது நிறைய இருக்கும் என்று எண்ணி, கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் அளவு கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. ஸ்டாடின் மருந்துகளின் மூதாதை இதுதான். இவ்வகையில் முதலில் விற்பனைக்கு வந்த லோவாஸ்டாடின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 4,444 இதயநோயாளிகளிடம் சிம்வாஸ்டாடினைச் சோதித்த ஸ்காண்டிநேவிய ஆய்வு, மரணங்கள் 30 விழுக்காடு குறைந்ததை 1994இல் அறிவித்தது.

ஸ்டாடின் கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கிறது என்பது பாதிச் செய்தியே. கல்லீரல் செல்லின் உள்ளே கொலஸ்ட்ரால் குறைந்ததும், உட்சவ்வில் கட்டுண்டு கிடக்கும் எஸ்.ஆர்.இ.பி.பி. என்னும் புரதம் இடம்பெயர்ந்து, இரு நொதிகளால் வெட்டுப்பட்டு, அதன் ஒரு துண்டு உட்கருவுக்குள் சென்று ஏற்பி மரபணுவை முடுக்கிவிடுகிறது. புதிய ஏற்பிகள் மேற்பரப்பில் முளைத்து இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கின்றன. இரத்தத்தில் எல்.டி.எல். குறைவதற்கு முதன்மையான காரணம் இந்தக் கூடுதல் ஏற்பிகளே. எனினும் ஸ்டாடினின் அளவை இருமடங்காக்கினால் எல்.டி.எல். மேலும் ஆறு விழுக்காடு அளவுக்கே குறைகிறது என்பது மருத்துவர்களை நெடுநாள் குழப்பியது. இதற்கான விடை 2003இல், எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

மிகைக்கொலஸ்ட்ரால் நோயிருந்தும் ஏற்பி மரபணுவில் பழுதில்லாத பிரெஞ்சுக் குடும்பங்களைப் பாரிஸில் கேத்தரின் புவாலோவும் மரியான் அபிஃபாடெலும் ஆராய்ந்துவந்தனர். மான்ட்ரியாலில் நபில் சைடா அதற்குச் சற்று முன் கண்டறிந்திருந்த பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தின் மரபணுவில்தான் அக்குடும்பங்களின் பிறழ்வு இருந்தது. இப்புரதம் கல்லீரலிலிருந்து சுரந்து, ஏற்பியின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு, அது மேற்பரப்புக்குத் திரும்ப விடாமல் லைசோசோமுக்கே கொண்டுபோய் அழித்துவிடுகிறது. ஏற்பி மரபணுவை முடுக்கும் அதே எஸ்.ஆர்.இ.பி.பி. இதன் மரபணுவையும் முடுக்குவதால், ஸ்டாடின் ஒரு கையால் ஏற்பியைக் கூட்டி மறு கையால் அதன் அழிவையும் கூட்டுகிறது.

பி.சி.எஸ்.கே.9 மிகுந்தால் நோய் என்றால், அது குறைந்தவர்கள் நலமாக இருக்க வேண்டும் அல்லவா? டாலஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜோனாதன் கோஹனும் இக்கேள்வியோடு, எல்.டி.எல். மிகக் குறைந்தவர்களைத் தேடினர். ஆப்பிரிக்க அமெரிக்கர்களுள் ஏறத்தாழ ஐம்பதில் ஒருவரிடம் இம்மரபணுவின் ஒரு பிரதி செயலற்றிருந்தது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த மற்றொரு ஆய்வில், இத்தகையோருக்கு எல்.டி.எல். 28 விழுக்காடு குறைந்திருந்ததையும், கொரோனரி இதயநோய்க்கான ஆபத்து 88 விழுக்காடு குறைந்திருந்ததையும் 2006இல் அவர்கள் வெளியிட்டனர். இரண்டு பிரதிகளும் செயலற்ற ஒரு பெண்ணுக்கு எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 14 மில்லிகிராம் மட்டுமே. அவர் முழு நலத்தோடு இருந்தார். இந்த எண்களின் கனம் எளிதில் கண்ணுக்குப் படாது: நடுவயதில் தொடங்கும் மருந்து எல்.டி.எல்.லை இதே அளவு குறைத்தாலும் ஆபத்தை இவ்வளவு குறைப்பதில்லை. தமனியைக் கெடுப்பது அளவு மட்டுமன்று, அளவும் ஆண்டுகளும் பெருகிச் சேரும் மொத்தச் சுமை என்பதே இதன் பொருள். பிறவியிலிருந்து சற்றுக் குறைவாக இருப்பது, ஐம்பது வயதுக்குப் பின் மிகக் குறைவாக ஆக்குவதைக் காட்டிலும் பெரிய காப்பு.

பி.சி.எஸ்.கே.9 புரதத்தைப் பிடித்து முடக்கும் அலிரோக்குமாப், எவலோக்குமாப் என்னும் இரு எதிர்ப்புரத ஊசிமருந்துகள் 2015இல் அனுமதி பெற்றன. 27,564 பேரிடம் நடந்த எவலோக்குமாப் ஆய்வில், ஸ்டாடின் எடுத்துக்கொண்டிருந்தவர்களிடமே எல்.டி.எல். 92இலிருந்து 30 மில்லிகிராமுக்கு இறங்கியது. அடுத்து வந்த இன்கிளிசிரான், அப்புரதத்தைத் தயாரிக்கச் சொல்லும் தூது ஆர்.என்.ஏ.வையே கல்லீரல் செல்லுக்குள் வெட்டி அழிக்கும் குறுந்துணுக்கு ஆர்.என்.ஏ.; கல்லீரல் செல்கள் மட்டும் பற்றி இழுக்கும் சர்க்கரைத் தொகுதியொன்று அதனோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. தொடக்க ஊசிகளுக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். அம்மரபணுவில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி நிரந்தரமாக அணைத்துவிடும் முயற்சி, மனிதரிடம் முதலில் 2022இல் நியூசிலாந்தில் தொடங்கியது.

இம்மருந்துகள் யாவும் ஏற்பியின் மூலமாகவே வேலை செய்பவை. ஆகவே, எந்தக் குழந்தைகளின் தோல்செல்களிலிருந்து இவ்வளவும் கற்றுக்கொள்ளப்பட்டதோ, அவர்களுள் ஏற்பியே அறவே இல்லாதவர்களுக்கு இவற்றால் பயன் மிகச் சொற்பம். இரத்தத்தை இயந்திரத்தில் செலுத்தி எல்.டி.எல்.லை வடித்தெடுப்பதும் கல்லீரல் மாற்றுமே அவர்களுக்கு நெடுங்காலம் இருந்த வழிகள். அவர்களுக்கென்று புதிய வழியும் இயல்புக்கு மாறான ஒரு குடும்பத்திலிருந்தே கிடைத்தது. ஏ.என்.ஜி.பி.டி.எல்.3 என்ற மரபணுவின் இரு பிரதிகளும் செயலற்றுப் போனதால் எல்லாக் கொழுப்புப்புரதங்களும் மிகக் குறைந்திருந்த குடும்பம் ஒன்றை 2010இல் கிரண் முசுனுரு, சேகர் கதிரேசன் முதலியோர் விவரித்தனர். அம்மரபணுவின் புரதத்தை முடக்கும் எவினக்குமாப், எல்.டி.எல்.லாக மாறவிருக்கும் உருண்டைகளை அந்நிலையை அடையுமுன்பே எல்.டி.எல். ஏற்பியின் துணையின்றி இரத்தத்திலிருந்து விலகச் செய்கிறது. இரு பிரதிகளும் பழுதான 65 நோயாளிகளிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்றவர்களின் எல்.டி.எல். பெறாதவர்களோடு ஒப்பிட 49 விழுக்காடு குறைந்தது. ஏற்பி சிறிதும் இல்லாதவர்களிடமும் அதையொத்த குறைவு காணப்பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற அம்மருந்து, மாதம் ஒரு முறை சிரை வழியாக ஏற்றப்படுகிறது.